ஓடையோரம் கூடாரம் போடாதீர்கள்! (கோடையில்கூட)

[திரையில்: ஐசிகிள் க்ரீக், வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா]

வணக்கம் மக்களே! இந்தப் படத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள், நடுவில் சலசலவென்று ஓடை, தண்ணீரை ஒட்டி ஒரு கூடாரம். "ஆஹா, அங்கேதான் படுக்கணும்" என்று தோன்றுகிறதா? ராத்திரியில் அந்த முகாமிலேயே அதிகம் குளிரக்கூடிய இடம் அதுதான்.

பின்னணி ஒரு மூச்சில்: சியாட்டிலுக்குக் கிழக்கே கேஸ்கேட் மலைத்தொடரைத் தாண்டினால் லெவன்வொர்த் என்ற சிற்றூர். அங்கிருந்து ஓடையை ஒட்டியே சாலை போகிறது, வழியெல்லாம் வனத்துறை முகாம்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

நாம் யார்? சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் பர்மிட் எடுத்துக் கூடாரம் போட்டு, விடிய விடிய வியர்த்துவிட்டு வருகிற கூட்டம். சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரிதான், 1989 பிப்ரவரியில். சில வீடுகளில் ஏர்கான் ராத்திரிதோறும் அந்தச் சாதனையை முறியடிக்கிறது!

நம் ஊர் இரவு ஆறாமல் இருக்கக் காரணம் ஈரப்பதமும் மேகமும். தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தைப் பிடித்துப் பெரும்பகுதியை நம்மிடமே திருப்பி அனுப்பிவிடும். கேஸ்கேட்டின் கிழக்குப் பக்கம் கோடையில் காற்று வறண்டு கிடக்கும், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். சூரியன் போனதும் தரையின் சூடும் கிளம்பிவிடும். பகலில் 30 டிகிரி அடித்த இடம் விடியற்காலையில் 10 டிகிரிப் பக்கம் வருவது அங்கே சாதாரணம்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சூப்பர்மார்க்கெட்டில் மூடி இல்லாத ஃப்ரீசர் பெட்டி பார்த்திருப்பீர்கள். மீன் உருண்டை, இறால் பாக்கெட் எல்லாம் கிடக்கும். மேலே திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் எதுவும் உருகுவதில்லை. எப்படி? குளிர்ந்த காற்று கனமானது. பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும், தானாக எழுந்து வராது. அடுத்த முறை கையை மெல்ல இறக்கிப் பாருங்கள். விளிம்புக்கு மேலே ஒன்றும் தெரியாது, விளிம்பைத் தாண்டியதும் ஜில்! (காசாளர் முறைத்தால் நான் பொறுப்பில்லை.)

மலையிலும் அதே கதைதான். ஆறிப்போன தரையைத் தொட்ட காற்று கனத்து, சரிவில் வழிந்து இறங்கி, இருப்பதிலேயே தாழ்ந்த இடத்தில் தேங்கும். பள்ளத்தாக்கில் தாழ்ந்த இடம் எது? தண்ணீர் ஓடுகிற இடம்தானே! ஆக, ஓடையோரம் படுப்பவர் இறால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் படுக்கிறார். போதாததற்கு ஈரம் வேறு. விடியும்போது கூடாரத்தின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். எழுந்து உட்கார்ந்தால் தலை இடித்து, பின்கழுத்தில் சொட்டும்.

அதனால் அதே முகாமில் கொஞ்சம் மேடான தளமாகப் பிடியுங்கள். ஓடைச் சத்தம் அங்கேயும் கேட்கும்.

அப்புறம், தடிமனான ஸ்லீப்பிங் பேக் வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். நம் எடையில் முதுகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சில் காற்று நிற்காது, காற்று இல்லாவிட்டால் கதகதப்பும் இல்லை. தரைக் குளிரைத் தடுப்பது கீழே விரிக்கிற மெத்தைதான். கடற்கரைக்குக் கொண்டுபோகிற பாய் கதைக்கு ஆகாது. ஸ்லீப்பிங் பேக் லேபிளில் 'கம்ஃபர்ட்' (எதுவரை நிம்மதியாகத் தூங்கலாம்), 'லிமிட்' (எதுவரை சுருண்டு படுத்துச் சமாளிக்கலாம்) என்று இரண்டு வெப்பநிலை இருக்கும். நம்மைப் போன்ற வெயில் ஊர்க்காரர்கள் 'கம்ஃபர்ட்' எண்ணை மட்டும் பாருங்கள்.

மீதியெல்லாம் சடசடவென்று: ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். கருங்கரடி உலவும் காடு, சாப்பாடு மட்டுமில்லை, பற்பசையும் காருக்குள் போகட்டும். கோடையில் விறகு நெருப்புக்குத் தடை வரலாம், கேஸ் அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அங்கே போய் வாங்குங்கள்.

நீங்கள் மேட்டுக் கட்சியா, ஓடைக் கட்சியா? கமெண்டில் சொல்லுங்கள். ஓடையோரம்தான் படுப்பேன் என்று அடம்பிடிப்பவர்கள், உங்கள் ஸ்லீப்பிங் பேக்கின் கம்ஃபர்ட் எண்ணையும் சேர்த்தே போடுங்கள், பார்ப்போம்!