வாங்கும் முன் அந்தத் தேதியைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். புது ஃபோன் வாங்கக் கடைக்குப் போனதும் கேமரா எத்தனை மெகாபிக்சல், ரேம் எத்தனை ஜிபி என்றுதான் பேச்சு தொடங்கும். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு. பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் வரும்? திரும்பவும் சொல்கிறேன், எத்தனை வருஷம்?

ஃபோனை இயக்கும் ஆண்ட்ராய்டு மென்பொருளில், திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகள் தெரியவரும்போது கூகுள் அவற்றுக்கு அடைப்பு வெளியிடுகிறது. அதுதான் பாதுகாப்பு அப்டேட். ஃபோன் தயாரித்த கம்பெனிதான் அதைத் தன் மாடலுக்குப் பொருத்தி உங்களுக்கு அனுப்ப வேண்டும். அடைப்பு வெளியாகும்போதே ஓட்டை எங்கே இருந்தது என்பதும் வெளியே தெரிந்துவிடும். ஆகவே அப்டேட் வராத ஃபோனில் ஆபத்து மாதாமாதம் கூடிக்கொண்டே போகும். வங்கிக் கணக்கு, யுபிஐ எல்லாமே அதற்குள்தானே இருக்கின்றன!

டெமோ ஃபோனைக் கையில் வாங்குங்கள். செட்டிங்ஸில் அபௌட் ஃபோன், அதற்குள் ஆண்ட்ராய்டு வெர்ஷன். அங்கே செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். தேதி பழசாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கடை ஃபோனை யாரும் அப்டேட் செய்யாமல் விட்டிருக்கலாம். வைஃபை போட்டு, புது அப்டேட் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். 'புதிதாக எதுவும் இல்லை' என்று ஃபோன் சொல்லியும் தேதி ஏழெட்டு மாதம் பின்தங்கியே நின்றால், அந்த மாடலைக் கம்பெனி கவனிப்பதில்லை. கீழே வைத்துவிடுங்கள்.

2023-இல் வந்த கூகுளின் பிக்சல் 8-க்கும் 2024-இல் வந்த சாம்சங்கின் காலக்ஸி எஸ்24-க்கும் 7 வருஷ அப்டேட் என்று அறிவித்திருக்கிறார்கள். 2018-இல் வந்த ஐஃபோன் எக்ஸ்ஆருக்கு 2024-இல் வெளியான ஐஓஎஸ் 18 என்ற ஐஃபோன் மென்பொருள் கிடைத்தது. விலை குறைந்த பல மாடல்களுக்கு இதில் பாதிகூட வராது. இந்த வருஷக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 4 வருஷம் என்று சொன்ன மாடலை, வெளியாகி 2 வருஷம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் மிச்சம் 2 வருஷம்தான்.

அடுத்தது, கைக்கு வசதி. அப்பா அம்மாவுக்கு வாங்குகிறீர்களா? அவர்களையும் கூட்டிப்போங்கள். எழுத்தின் அளவை முழுதாகப் பெரிதாக்கிவிட்டு, அழைக்கும் திரையைத் திறந்து பாருங்கள். சில ஃபோன்களில் பெயர் பாதியில் வெட்டுப்படும், பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும். பாத்திரம் தேய்த்தும் வயலில் உழைத்தும் விரல் ரேகை தேய்ந்திருந்தால் கைரேகைப் பூட்டு திறக்க மறுக்கும். அவர்கள் விரலையே பதிவு செய்து, பத்து முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சரிவராவிட்டால் 6 இலக்க பின் நம்பர் போதும். கோடு போட்டுத் திறக்கும் பேட்டர்ன் வேண்டாம். விரலின் எண்ணெய்த் தடமே திரையில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆண்ட்ராய்டு 12-க்குக் குறைந்ததை வாங்காதீர்கள். அதிலிருந்துதான், ஒரு ஆப் கேமராவையோ மைக்கையோ எடுத்தால் திரையின் மேல் ஓரத்தில் பச்சைப் புள்ளி தெரிகிறது. வானிலை ஆப் இருப்பிடம் கேட்டால், துல்லியமான இடத்தைத் தராமல் தோராயமான இடத்தை மட்டும் தரவும் அதிலிருந்துதான் முடிகிறது. ஊரில் மழை வருமா என்று சொல்ல உங்கள் வீட்டு வாசல் வரை எதற்கு?

முதல்முறை ஃபோனை இயக்கும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று வேகவேகமாகத் தட்டாதீர்கள். விளம்பரம், பயன்பாட்டு விவரம் அனுப்புதல் போன்றவற்றின் டிக்கை எடுத்துவிட்டாலும் ஃபோன் ஓடும்.

நேரம் நெருங்கிவிட்டது, பழைய ஃபோன் வாங்குவோருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டார், ஹேஷ், 0, 6, ஹேஷ் அழுத்தினால் அந்த ஃபோனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண். இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடைசெய்யப்பட்டது, போலி எண் என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். விற்பவர் தன் கூகுள் கணக்கை உங்கள் கண்ணெதிரே நீக்கி, பிறகு ஃபோனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்த பின்பே பணம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.