கதவுக்கு வெளியே பாடியவர்கள்

வணக்கம் நேயர்களே. சின்ன வயசு கிறிஸ்துமஸ் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். சாந்தோம், வேளாங்கண்ணி என்று ஏதாவது சொல்வேன் என நினைத்திருப்பார்கள். என் கிறிஸ்துமஸ் டிரினிடாட் என்ற மேற்கிந்தியத் தீவில் இருக்கிறது.

அப்பா கோயம்புத்தூரில் விவசாயம் படித்தவர். கொக்கோ ஆராய்ச்சி வேலை கிடைத்து 1974-இல் எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். ஊர் பெயர் லோபினோ. அரூக்கா என்ற சிறு நகரத்திலிருந்து வளைந்து வளைந்து மலைக்குள் போகும் ரோடு, அதன் முடிவில் கொக்கோத் தோட்டங்களும் கொஞ்சம் வீடுகளும். எனக்கு அப்போது எட்டு வயசு.

தீவு முழுக்க இங்கிலீஷ்தான், ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் பெரியவர்கள் ஸ்பானிஷ் பேசினார்கள். கொக்கோ வேலைக்காக வெனிசுலாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பலர் பக்கத்து கௌரா பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்கள். 1940-களில் அங்கே அணை கட்டப்போகிறோம் என்று அவர்களைக் கிளப்பி விட்டார்கள். அந்த அணை கடைசி வரை வரவே இல்லை, அது தனிக் கதை. அவர்கள் தங்களோடு கொண்டு வந்தது பராங் பாட்டு, கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வீடாகப் போய் ஸ்பானிஷில் பாடுவது.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. முதல் வருஷ டிசம்பரில் ஒரு நாள் ராத்திரி ஒரு மணி இருக்கும், வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் சத்தமாகப் பாட ஆரம்பித்தார்கள், நாலு கம்பி வைத்த குட்டி கிட்டார் ஒன்று, மராக்காஸ் கிலுக்கு, பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய ஒரு பெரிய வாத்தியம், எல்லாம் சேர்ந்து. அம்மா பயந்துபோய் எரிந்த ஒரு விளக்கையும் அணைத்துவிட்டார். அப்பா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே இருப்பவர்கள் எழுந்து கதவைத் திறக்கட்டும் என்பதற்காகவே வாசலில் நின்று பாடும் பாட்டு அது, செரெனால் என்று பெயர். நாங்கள் நன்றாகத் தூங்குகிறோம் என்று நினைத்து அவர்கள் இன்னும் குரலை உயர்த்தினார்கள்! முக்கால் மணி நேரம். அப்புறம் நாய்கள் மட்டும் குரைத்தன.

மறுநாள் பக்கத்து வீட்டு டான்டி வந்தார். டான்டி என்றால் அங்கே அத்தை, பெரியம்மா எல்லாம் ஒன்றுதான். கோபமில்லை, ஆனால் முகம் வாடியிருந்தது. திறக்கவில்லையே, கேக் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்டார். அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது.

அடுத்த வருஷம் அம்மா டான்டியிடமே போய்ப் பாடம் கேட்டார். டான்டி வீட்டில் உலர்ந்த பழங்கள் மாதக்கணக்கில் ரம்மில் ஊறிக்கொண்டிருக்கும், பிளாக் கேக்குக்காக. மண்ணெண்ணெய் டின்னைக் கழுவி அதில் ஹாம் வேகவைப்பார்கள். நாங்கள் சைவம், அந்தப் பக்கமே போகமுடியாது. அம்மாவுக்காக டான்டி பேமி செய்து கொடுத்தார்: சோளமாவு, தேங்காய், பரங்கிக்காய், சர்க்கரை பிசைந்து வாழையிலையில் கட்டி வேகவைப்பது. பிரித்துப் பார்த்ததும் அம்மா சிரித்தார், இது நம்ம இலைக் கொழுக்கட்டைதானே என்று.

சோரல் செடியைப் பார்த்தபோதும் அப்படித்தான். அது நம் புளிச்சக்கீரையின் உறவு. அவர்கள் சிவப்புப் புல்லியை மட்டும் பறித்து, கிராம்பும் பட்டையும் போட்டுக் கொதிக்க வைத்து, சர்க்கரை சேர்த்து ஆறவிட்டுக் குடிப்பார்கள். இலையை யாரும் சீண்டமாட்டார்கள். அம்மா இலையைப் பறித்து வரமிளகாய் வைத்துத் துவையல் அரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். டான்டி ஒரு வாய் வைத்துவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கிராமமே பெயின்ட் வாசனை. நம் ஊர் போகி மாதிரிதான், ஆனால் புதுத் திரைச்சீலையை மட்டும் 24-ஆம் தேதி ராத்திரிதான் மாட்டுவார்கள், அதுவரை ஜன்னல்கள் மொட்டையாக நிற்கும். ஆப்பிள் வெளிநாட்டிலிருந்து வரும், ஒவ்வொன்றையும் மெல்லிய காகிதத்தில் சுற்றியிருப்பார்கள். கோயம்புத்தூரில் எனக்கு ஆப்பிள் என்றால் காய்ச்சல்காரர்களுக்கு வாங்கிப் போகும் பழம். அங்கே அந்தக் காகிதத்தை முகர்ந்துகொண்டே தூங்கினேன். மூங்கில் வெடியும் உண்டு, பச்சை மூங்கிலுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றித் துளையில் நெருப்புக் காட்டினால் மலையே அதிரும். என் அண்ணன் ஒரு புருவத்தை அதற்குக் கொடுத்தான்.

பாட்டுக்காரர்கள் அந்த வருஷமும் வந்தார்கள். எங்கள் வீட்டுப் படியில் ஏறலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார்கள் போல, கிலுக்குச் சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது. பிறகு பாட்டு. அம்மா ஏற்கெனவே எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார், உடனே திறந்துவிடக் கூடாதாம், டான்டி சொல்லியிருந்தார். இரண்டு அடி பாடவிட்டுத் திறந்தார். உள்ளே வந்து இயேசு பிறந்த கதையைப் பாடினார்கள், முறுக்கும் பேமியும் தின்றார்கள், சோரல் குடித்தார்கள், ரம் இல்லையா என்று ஒரு தாத்தா அப்பாவின் காதில் கேட்டார். விடைபெறும் பாட்டைப் பாடிக்கொண்டே அடுத்த வீட்டுக்கு இறங்கும்போது விடிந்துகொண்டிருந்தது.

1978-இல் திரும்பி வந்துவிட்டோம். ரேடியோவில் இதைச் சொல்லப் போகிறேன் என்று போன வாரம் அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: “முதல் வருஷத்தோட நிறுத்திடாதே. ரெண்டாவது வருஷம் கதவைத் திறந்தது நான்தான்னு சொல்லு.”