கிராமமா, நகரமா? அதை யார் சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம். உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டால் எல்லோரும் பட்டென்று சொல்லிவிடுவோம், ஆனால் அது கிராமமா நகரமா என்று கேட்டால் இன்றைக்கு நிறைய பேர் கொஞ்சம் தயங்குவார்கள். பல்லடம், சோமனூர் பக்கம் இருப்பவர்கள் ரொம்பவே தயங்குவார்கள். வீட்டுக்கு முன்னால் மாடு கட்டியிருக்கும், பின்னால் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும், காலையில் கம்பெனி வேன் வந்து பையனைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஏற்றிக்கொண்டு போகும். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

ஊர்கள் எப்படி அமைந்தன என்று பார்த்தால் பெரும்பாலும் தண்ணீர்தான் முதலில் முடிவு செய்திருக்கிறது. ராமநாதபுரம் மாதிரி வறண்ட சீமையில் இருப்பது ஒரு கண்மாய், அதை நம்பி வீடுகள் எல்லாம் ஓரிடத்தில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் வயல். காவிரி டெல்டாவில் ஆற்றங்கரையையும் வாய்க்கால் கரையையும் பிடித்துக்கொண்டு ஊர் நீளமாகப் போகும், ஏனென்றால் மேடு அங்கேதான் இருக்கிறது. கொங்குப் பகுதியில் கிணற்றுப் பாசனம், அதனால் ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்திலேயே வீடு கட்டிக்கொண்டார்கள், தோட்டத்துச் சாளை என்பார்கள். கேரளாவுக்குப் போனால் வீட்டுக்கு ஒரு கிணறு, வீட்டைச் சுற்றிப் பறம்பு என்கிற தோட்டம், ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

தண்ணீரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. நம் கிராமங்களின் வரைபடத்தைப் போட்டதில் சாதிக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர் ஒரு பக்கம், தலித் மக்களின் குடியிருப்பு தள்ளி இன்னொரு பக்கம், நடுவில் வயலோ ஓடையோ. பல இடங்களில் அந்தக் குடியிருப்பு தாழ்வான நிலத்தில் இருக்கும், மழை வந்தால் முதலில் தண்ணீர் புகுவது அங்கேதான், சுடுகாட்டுக்குப் போகும் பாதைக்கு இன்றைக்கும் போராடுகிற ஊர்கள் இருக்கின்றன. குடியிருப்பு வகைகள் என்று பாடம் நடத்தும்போது கூட்டுக் குடியிருப்பு, சிதறிய குடியிருப்பு என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, நகரத்துக்கு வருவோம். நகரம் என்பது தனக்காக மட்டும் இருப்பதில்லை, சுற்றியுள்ள ஊர்களுக்காகவும் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் பெரிய ஊர் இல்லை, ஆனால் சுற்று வட்டாரத்துக் காய்கறியெல்லாம் அங்கே வந்து கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. ஈரோட்டுக்கு மஞ்சளும் ஜவுளியும், திருச்செங்கோட்டுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, நெய்வேலிக்கு நிலக்கரி, தூத்துக்குடிக்குத் துறைமுகம், திருவண்ணாமலைக்குக் கோயில் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அடையாளம். ஒரு வேலையில் தொடங்கினாலும் அப்புறம் ஆஸ்பத்திரி, கோர்ட், காலேஜ் என்று மற்றதெல்லாம் வந்து சேர்ந்துகொள்கிறது. இப்போது கிராமமும் அப்படியே இருப்பதில்லை. பட்டாசு என்றால் சிவகாசி என்கிறோம், ஆலைகள் நிறைய இருப்பது சுற்றியுள்ள கிராமங்களில்.

அரசாங்கம் இதை எப்படிப் பிரிக்கிறது? மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அறிவித்துவிட்டால் அது நகரம். அறிவிக்காவிட்டாலும் மூன்று விதிகள் பொருந்தினால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதை நகரம் என்று எண்ணிக்கொள்ளும்: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், முதன்மை வேலை செய்யும், அதாவது வருஷத்தில் ஆறு மாதமாவது வேலை செய்யும் ஆண்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு நகரம் என்று இதற்குப் பெயர். தமிழ்நாட்டில் 2001-ல் 111 ஆக இருந்த இவை 2011-ல் 376 ஆகிவிட்டன. கேரளாவில் 2001-ல் 26 சதவீதமாக இருந்த நகர மக்கள்தொகை 2011-ல் 47.7 சதவீதம் ஆனதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். இத்தனை பேர் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய்விடவில்லை, இருந்த இடத்திலேயே வேலை மாறிவிட்டது.

சிக்கல் இங்கேதான். கணக்கில் நகரம், நிர்வாகத்தில் கிராம ஊராட்சி. வீடுகள் நெருங்கிவிட்டன, சாக்கடை கிடையாது, குப்பை வாங்க ஆள் போதாது, பாதாளச் சாக்கடை போட ஊராட்சியிடம் காசு இல்லை. அப்படியானால் நகராட்சியோடு சேர்த்துவிடலாமே என்றால் மக்கள் வேண்டாம் என்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்பு வந்தபோது தமிழ்நாட்டில் பல ஊர்களில் மறியல் நடந்தது. நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும் என்ற பயம் அது, நியாயமான பயம், ஏனென்றால் அந்த வேலைத் திட்டம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குக் கிடையாது. அரசே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது. 2004-ல் ஐநூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் சிறப்பு கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டன, கிராமங்களுக்கான மத்திய நிதி கிடைக்கும் என்பதற்காக. 2006-ல் திரும்பப் பேரூராட்சி ஆக்கிவிட்டார்கள். ஊரில் இருந்தவர்கள் அதே தெருவில் அதே வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயர்ப் பலகையைப் பார்த்துப் பணம் கொடுப்பதை நிறுத்த வேண்டும். ஒரு ஊரில் வீடுகள் எவ்வளவு நெருக்கம், கழிவுநீர் எங்கே போகிறது, எத்தனை பேருக்கு வருஷத்தில் பாதி நாள் வேலை இல்லை, இதைப் பார்த்துச் சாக்கடைக்கும் வேலைக்கும் நிதி வர வேண்டும். கிராமம் என்றால் வேலை, நகரம் என்றால் சாக்கடை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு ஏழைக் குடும்பத்திடம் சொல்வது அநியாயம்.

இன்னொன்று, அந்த 75 சதவீத விதியில் ஆண்களை மட்டும்தான் எண்ணுகிறார்கள். ஆண்கள் கம்பெனிக்குப் போன பிறகு வயற்காட்டு வேலையையும் மாட்டையும் பார்ப்பது பெண்கள்தான், ஊர் கிராமமா நகரமா என்ற முடிவில் அவர்கள் உழைப்புக்கு இடமே இல்லை. அந்த விதி எப்போது மாறுமோ தெரியாது, ஆனால் 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது, வேலை பற்றிக் கேட்டால் "வீட்டில் சும்மாதான் இருக்காங்க" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். பால் கறந்து ஊற்றினாலும், தறிக்குத் தாரில் நூல் சுற்றினாலும், பனியனுக்குப் பிசிறு வெட்டினாலும் அதைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறார்களா என்றும் பாருங்கள். நன்றி, வணக்கம்.