மாத்திரைக்குள் நுழையும் நீர்: மருந்தின் வேகத்தைப் பாலிமர்கள் தீர்மானிக்கும் விதம்

[காட்சி: நேரத்திற்கேற்ப இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கும் வரைபடம்]

சாதாரண மாத்திரை இரைப்பையில் விரைவாக உடைந்து கரைவதால், இரத்தத்தில் மருந்தின் அளவு சட்டென உயர்ந்து, கல்லீரலும் சிறுநீரகமும் அதை அகற்ற அகற்றச் சரிகிறது. உச்சத்தில் பக்கவிளைவுகள் தலைகாட்டுகின்றன. தாழ்வில் மருந்து பயன்படுவதில்லை. இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் பொறுப்பு, சிறு அலகுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட நீண்ட மூலக்கூறுகளான பாலிமர்களுடையது. அவை கையாளும் வழிகள் பலவானாலும், நீர் எவ்வளவு வேகமாக உள்ளே வருகிறது, வந்தபின் பாலிமரை என்ன செய்கிறது என்பதைக் கவனித்தால் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

[காட்சி: நீரில் ஊறும் மாத்திரையின் குறுக்குவெட்டு]

ஹைட்ராக்ஸிபுரோப்பைல் மெத்தில்செல்லுலோஸ் என்ற நீண்ட பெயருடைய பாலிமரின் தூளை மருந்தோடு கலந்து அழுத்தி மாத்திரையாக்குகிறார்கள். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரைகளில் இது வழக்கம். நீர் பட்டதும் வெளிப்பரப்பு ஊறிப் பருத்து வழவழப்பான ஜெல் படலமாகிறது. மையமோ உலர்ந்தே இருக்கிறது. மருந்து இந்தப் படலத்தின் ஊடாகப் பரவித்தான் வெளியேற வேண்டும். நேரம் செல்லச் செல்ல அது கடக்க வேண்டிய தொலைவு கூடுவதால், வெளியேறும் வேகம் குறைகிறது. களிம்புகளை ஆராய்ந்த டகேரு ஹிகுச்சி 1961இல் இதற்கொரு சமன்பாட்டை அளித்தார். பரவல் மட்டுமே நடக்கும் நிலையில், வெளியேறிய மொத்த மருந்து நேரத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும்; அதாவது, முதல் 1 மணி நேரத்தில் வெளியேறியதைப் போல் இருமடங்கு வெளியேற 4 மணி நேரம் ஆகும். நடைமுறையில் ஜெல்லின் வெளிவிளிம்பும் கரைந்துகொண்டே இருப்பதால், கணக்கு இவ்வளவு எளிதாக அமைவதில்லை.

இத்தகைய மாத்திரையைப் பொடித்து விழுங்கினால் படலம் உருவாக வழியே இல்லை; நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும்.

[காட்சி: லேசர் துளையிட்ட மாத்திரை]

வேகம் குறையாமல் சீராக இருக்க வேண்டுமென்றால், சவ்வின் ஊடே நீரை உள்ளிழுக்கும் சவ்வூடு அழுத்தத்தைப் பயன்படுத்தலாம். செல்லுலோஸ் அசிடேட் உறை நீரை உள்ளே விடும், மருந்தை வெளியே விடாது. உட்புகும் நீரால் அடியிலுள்ள பாலிமர் அடுக்கு பருத்து, உறையில் லேசரால் இட்ட சிறு துளை வழியே மருந்தைத் தள்ளுகிறது. காலி உறை கரையாமல் மலத்தோடு வெளியேறும். அதைப் பார்த்து மருந்தே சேரவில்லையோ என்று கலங்கும் நோயாளிகள் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இரைப்பை அமிலத்தைத் தாங்கி, காரகாடித்தன்மை (pH) 5.5ஐக் கடந்த சிறுகுடலில் கரையும் மேற்பூச்சுகளும் உண்டு. அவை வேகத்தைவிட இடத்தையே தீர்மானிக்கின்றன.

[காட்சி: நுண்கோளத்தின் பெரிதாக்கிய படம்]

வாரங்கள், மாதங்கள் என நீடிக்க வேண்டிய மருந்துகளை ஊசி மூலம் செலுத்துகிறார்கள். லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் இணைந்த பாலிமரால் ஆன நுண்கோளங்களுக்குள் மருந்து இருக்கும். அந்தப் பாலிமர் சங்கிலியைக் கோத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை நீர் மெல்ல அறுக்க, மிஞ்சும் அமிலங்களை உடலே கையாண்டுவிடும். புரோஸ்டேட் புற்றுநோய்க்கான லியூப்ரோலைடின் மாதாந்திர ஊசி 1989இல் அமெரிக்காவில் இப்படித்தான் அறிமுகமானது. ஆனால் கோளத்தின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மருந்து, செலுத்திய தொடக்கத்திலேயே மொத்தமாக வெளிப்படக்கூடும். உள்ளே தேங்கும் அமிலமோ பாலிமரின் சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. மருந்து ஒரு புரதமாக இருந்தால், அதன் வடிவத்தையும் குலைத்துவிடக்கூடும்.