துளசித் தொட்டியில் மஞ்சள் குடை

வணக்கம் நேயர்களே. போன மாதம் ஒரு காலை, எங்கள் ஃபிளாட்டில் அம்மாவின் துளசித் தொட்டியில் எலுமிச்சை மஞ்சளில் நாலு சின்னக் குடைகள். அம்மா பிடுங்கக் கை நீட்டினார். "இரும்மா, ஒரு படம்!" என்று ஓடினேன். தொட்டி மண்ணில் மக்கியதைத் தின்று வாழும் காளான் அது. செடிக்குக் கெடுதல் இல்லை. மறுநாளே தலை தொங்கிவிடும்.

பினாங்கில் காளான் பார்க்கக் காட்டுக்குள் போகவேண்டியதில்லை. ஓர் இரவு மழை போதும். சாலையோரம் வெட்டிப் போட்ட கட்டைகளில் விசிறி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்குமே, மலாய்க்காரர்கள் 'செண்டாவான் குக்குர்' என்று தேங்காய்ப்பாலில் சமைப்பார்களே, அதைத் திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள மடிப்புகள் ஒவ்வொன்றும் நடுவே பிளந்திருக்கும். வெயிலில் சுருண்டு, மழையில் மறுபடி விரியும்.

எனக்குத் தப்பிப்போனது வலைக்காளான். தண்ணீர்மலைப் பக்கம், 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குப் போகிற வழியில், மூங்கில் புதரடியில் கண்டேன். வெள்ளைத் தண்டைச் சுற்றிப் பாவாடை போல வலை. உச்சியில் நாற்றமடிக்கும் பசை, அதில் மொய்க்கும் ஈக்கள். அந்த ஈக்கள்தான் அதன் வித்துகளைச் சுமந்து போகின்றன. சரி, பசியாறிவிட்டு வந்து எடுக்கலாம் என்று ரொட்டி சானாய்க்குப் போனேன். திரும்பி வந்தால் வலை சரிந்து கிடந்தது. இத்தனைக்கும் இதன் உறவுக்காரனைத்தான் சீனர்கள் காயவைத்து சூப்பில் போடுகிறார்கள்!

படம் எடுக்கப் பெரிய கேமரா வேண்டாம். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வரும். ஒரு சின்னக் கண்ணாடியை அடியில் நீட்டினால், பிடுங்காமலே அடிப்பக்கம் தெரியும். மேலே மட்டும் எடுத்த படத்தை வைத்துப் பெயர் சொல்வது கஷ்டம்.

திடல் புல்லில் வரும் பெரிய வெள்ளைக் குடையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பார்க்கச் சாப்பிடக்கூடியது போலவே இருக்கும். தின்றால் வாந்தி, பேதி. அப்படி ஒன்றின் தலையை மட்டும் வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி வைத்தேன். விடிந்து பார்த்தால், தாளில் பச்சைப் பொடியில் கோலம் போட்ட மாதிரி வரிகள். அந்தப் பொடிதான் அதன் வித்துகள். அதையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.