நாக்குக்கு அடியில் வைக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். நான் மன்னார்குடிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவன். ஆண்மைக் குறைவுக்குச் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்களே என்று யாரும் ரேடியோவை அணைக்க வேண்டாம். பேச்செல்லாம் இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பற்றித்தான்.

இந்த மாத்திரை வாங்க வருகிறவரை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். கடையில் பெண்கள் நின்றால் உள்ளே வரமாட்டார். வந்தாலும், வேண்டாத ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் படிப்பார். கூட்டம் கலைந்ததும் சட்டைப்பையிலிருந்து பழைய அட்டையின் துண்டு ஒன்று வெளியே வரும். டாக்டர் சீட்டு இருக்காது. சீட்டு இல்லாமல் இதைக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம்.

ஒரு நாள் இப்படி வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். பணம் எடுக்கும்போது பையிலிருந்து வேறொரு சின்ன அட்டையும் கூடவே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் சார்பிட்ரேட்.

"அண்ணே, இது யாருக்கு?"

"எனக்குத்தான் தம்பி. நெஞ்சு அடைச்சா நாக்குக்கு அடியில வச்சுக்கச் சொல்லி டாக்டர் குடுத்தாரு."

"இது இருந்தா அது கூடவே கூடாதுண்ணே."

"ரெண்டையும் சேத்தா போடப்போறேன்? அது ராத்திரிக்கு, இது எப்பவாச்சும் பகல்ல."

நான் இன்று பேச வந்ததே அந்தக் கடைசிப் பதிலுக்காகத்தான். ராத்திரி போட்ட மாத்திரை விடிந்ததும் உடம்பை விட்டுப் போய்விடாது.

நம் இரத்தக் குழாய்களின் சுவரில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்கிறது. அது சுவரில் உள்ள தசையைத் தளர்த்தச் சொல்லி ஒரு வேதிப்பொருளை உண்டாக்கும். குழாய் விரியும், இரத்தம் தாராளமாக ஓடும். வேலை முடிந்ததும் அந்த வேதிப்பொருளை உடைத்துப்போட ஒரு நொதி இருக்கிறது. சில்டெனாஃபில், டடாலஃபில் போன்ற ஆண்மைக் குறைவு மாத்திரைகள் அந்த நொதியைத் தடுத்து நிறுத்துகின்றன. வேதிப்பொருள் உடையாமல் தங்குவதால் குழாய் விரிந்தே இருக்கிறது. நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரையோ அதே வேதிப்பொருளை இன்னும் அதிகமாக உண்டாக்குகிறது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் வரவு கூடுகிறது, செலவு நின்றுவிடுகிறது. குழாய்களெல்லாம் ஒரேயடியாகத் தளர்ந்து பிரஷர் சரிகிறது. ஏற்கெனவே அடைப்புள்ள இதயத்துக்கு அந்த நேரத்தில் இரத்தம் போதாது. ஆள் மயங்கி விழலாம், உயிரே போகலாம்.

சில்டெனாஃபில் போட்டால் அடுத்த 24 மணி நேரத்துக்கும், டடாலஃபில் போட்டால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. சனிக்கிழமை ராத்திரி டடாலஃபில் சாப்பிட்டவருக்கு திங்கட்கிழமை பகலிலும் அந்த ஆபத்து இருக்கிறது. நாக்குக்கு அடியில் வைப்பது மட்டுமல்ல, தினமும் விழுங்கும் மோனோநைட்ரேட்டும் இந்தக் கணக்கில் சேரும். நெஞ்சு வலிக்குத் தரும் நிக்கோராண்டில் மாத்திரையும் அப்படித்தான். இவற்றை வழக்கமாகச் சாப்பிடுகிறவர் மணிக்கணக்கு பார்க்கவே வேண்டாம், அந்த மாத்திரை அவருக்கு இல்லை.

எனக்குப் பெரிய பயம் வேறொன்று. நம் பக்கத்து வீடுகளில் அப்பாவோ பெரியப்பாவோ இதய நோயாளியாக இருப்பார், சார்பிட்ரேட் அட்டை சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். நடு ராத்திரி மகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், வீட்டில் உள்ளவர்கள் பதறி அதைத்தான் எடுத்து வாயில் வைப்பார்கள். மகன் என்ன சாப்பிட்டிருக்கிறார் என்று அவர் மனைவிக்கே தெரியாது. அவரும் அம்மா எதிரில் வாயைத் திறக்கமாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், சில்டெனாஃபில் பிறந்ததே நெஞ்சு வலிக்குத்தான். இங்கிலாந்தில் ஃபைசர் நிறுவனத்தார் இதய வலிக்கு மருந்து தேடி இதை உருவாக்கினார்கள். நெஞ்சு வலிக்குப் பெரிதாக உதவவில்லை, சோதனைக்கு வந்த ஆண்கள் வேறு ஒரு பலனைச் சொன்னார்கள். 1998-இல் அமெரிக்காவில் வயாகராவாக அனுமதி கிடைத்தது. நைட்ரிக் ஆக்சைடு பற்றிய கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே வருஷம்தான்.

சரி, இந்த மாத்திரையே மாரடைப்பை வரவழைக்குமா? நைட்ரேட் சாப்பிடாத, இதயம் நிலையாக இருக்கும் ஒருவருக்கு, டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். சில்டெனாஃபிலைத் தனியாகச் சாப்பிட்டால் பிரஷர் சராசரியாக மேலே 8, கீழே 5 என்ற அளவுக்குக் குறையும். அம்லோடிபின், டெல்மிசார்டான் போன்ற வழக்கமான பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் டாக்டர்கள் இதைக் கொடுப்பதுண்டு. பிராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் டாம்சுலோசின், பிரஷருக்குச் சாப்பிடும் பிரசோசின் ஆகியவற்றோடு சேரும்போதுதான் எழுந்து நின்றதும் தலை சுற்றும். அவர்களுக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் சில்டெனாஃபிலை 25 மில்லிகிராமில் ஆரம்பிப்பது வழக்கம். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், மேல் பிரஷர் 90-க்குக் கீழேயோ 170-க்கு மேலேயோ இருப்பவர்கள் இதைத் தானாகத் தொடவே கூடாது. மதுவும் பிரஷரை இறக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? குறுவை அறுவடை வெயிலில் நாள் முழுக்க நின்று, தண்ணீர் குடிக்காமல், சாயங்காலம் டாஸ்மாக் போய்விட்டு வந்து இதையும் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு சில்டெனாஃபில் போட்டால் வேலை செய்ய ஒரு மணி நேரம்போலத் தாமதமாகும். "பிடிக்கல" என்று இரண்டாவது மாத்திரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

விறைப்புக் குறைவே இதயம் அனுப்பும் முன்னறிவிப்பாக இருக்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணீர் முதலில் எட்டாமல் போவது கடைமடைக்குத்தானே. ஆணுறுப்பின் இரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை. கொழுப்பும் சுகரும் புகையிலையும் குழாய்களைக் கெடுக்கும்போது பாதிப்பு அங்கே முதலில் தெரியும், இதயத்தில் சில வருஷம் கழித்துத் தெரியலாம். ஆகவே நாற்பது, ஐம்பது வயதில் இந்தக் குறை புதிதாக வந்தால், மாத்திரை கேட்கும் முன் சுகர், கொலஸ்ட்ரால், பிரஷர் மூன்றையும் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

தாம்பத்தியமே இதயத்துக்கு ஓர் உழைப்புதான். இரண்டு மாடிப் படியை மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் ஏற முடிந்தால் பெரும்பாலும் தாங்கும் என்பார்கள். மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் வரை ஏறிக்காட்ட வேண்டியதில்லை.

லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவர்கள் தரும் லேகியம், பெயரில்லாத பொடி, ஆன்லைனில் வரும் 'மூலிகை' கேப்சூல் எல்லாம் பக்கவிளைவே இல்லாதவை என்று நம்பி வாங்குகிறார்கள். மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய சரக்குகளில் சில்டெனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. லேபிளில் அந்தப் பெயரே இருக்காது. நைட்ரேட் சாப்பிடும் பெரியவர் ஒருவர் அதை வாங்கினால், தான் என்ன சாப்பிட்டோம் என்று அவராலும் சொல்ல முடியாது.

மாத்திரை போட்ட பிறகு நெஞ்சு வலித்தால், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்காருங்கள். மயக்கம் வந்தால் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். நாக்குக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியில் வரும் பணியாளரிடமும் ஆஸ்பத்திரி டாக்டரிடமும் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நைட்ரேட் இல்லாமலும் மாரடைப்புக்கு வைத்தியம் இருக்கிறது, தெரிந்தால் அவர்கள் அந்த வழியில் போவார்கள். உங்களால் பேச முடியாமல் போகலாம் என்பதால் வீட்டுக்காரம்மாவுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கடையில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு தகவல். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை எங்களைப் போன்ற கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருப்போம். அப்போது வாருங்கள். டாக்டர் சீட்டோடு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கிறதையும் மறந்துவிடாதீர்கள். வணக்கம்.