தடுப்பது சட்டமா சனமா? சனமே என்ற அணியிலிருந்து

நடுவர் அவர்களே, சபையில் இருக்கும் அம்மாமார், ஐயாமார், தம்பி தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

வன்னியில் ஒரு பெடியன் இன்னொரு பெடியனை விரும்பினால், அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லவிடாமல் தடுப்பது சட்டமா, சனமா? இதுதான் தலைப்பு. எனக்கு முதல் பேசிய எதிரணித் தம்பி சட்டம்தான் என்றார். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையை எடுத்து, ஒருபால் உறவைக் குற்றமாக்குகிற 365, 365அ என்று பிரிவுபிரிவாக வாசித்தார். வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனது, இங்கிலாந்தில் 1967 இலேயே தளர்த்திவிட்டார்கள், நாங்களோ 1995 இல் திருத்துகிறோம் என்று சொல்லிப் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டோம் என்றார். எல்லாம் உண்மை. அந்தச் சட்டம் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது என்பதில் எனக்கும் அவருக்கும் ஒரு சண்டையும் இல்லை.

ஆனால் தம்பி, கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இருக்கிற ஒரு பெடியன் இரவில் நித்திரை இல்லாமல் புரளும்போது அவன் கண்ணுக்கு முன்னால் வருவது 365அ பிரிவா? பெரியப்பா வருவார், அயல்வீட்டு அன்ரி வருவா, ரியூசன் சேர் வருவார், கடைசியாக அம்மா அழுகிற முகம் வரும்.

என்னிடம் ரியூசன் படித்த ஒரு பெடியன். பெயரும் ஊரும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் கராஜில் வேலை. அவன் விரும்பியவன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். போகம் முடிந்தால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் திரிவார்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து, விடியும்வரை கோவில் மணலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள், ஊரே பார்த்தது, ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் இரண்டு ஆம்பிளைப் பெடியள் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கலாம், ஒரு பாயில் படுக்கலாம், ஒரு கோப்பையில் சாப்பிடலாம். வாயைத் திறந்து 'நான் இவனை விரும்புகிறேன்' என்று மட்டும் சொல்லக்கூடாது.

பிறகு என்ன, பிரான்சில் இருக்கிற அக்கா பொம்பிளை பார்க்கத் தொடங்கினா. புரோக்கர் சாதகத்தோடு படலையில் வந்து நின்றார். அன்றைக்குப் பின்னேரம் அம்மா திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போது இவன் பக்கத்தில் போய்க் குந்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அந்த அம்மா அழவில்லை, ஏசவில்லை. தேங்காய்ப் பாதி கையில் இருக்க, அவ கேட்ட முதல் கேள்வி: "இது உன்ர பெரியம்மாக்குத் தெரியுமோ?"

நடுவர் அவர்களே, பொலிசுக்குத் தெரியுமோ என்று அவ கேட்கவில்லை. கடவுள் என்ன சொல்லுவார் என்றும் கேட்கவில்லை. பெரியம்மாவுக்குத் தெரியுமோ!

மூன்று மாதத்துக்குள் வயல்காணியை ஈடு வைத்து அவனைக் கட்டாருக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டாரில் இதற்கு எங்களைப்போலவே சிறைத்தண்டனைச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்த குடும்பம் பிள்ளையை அங்கே அனுப்புமா, நீங்களே சொல்லுங்கள். அவர்கள் பயந்தது எங்கள் ஒழுங்கையின் வாய்க்கு.

பொலிஸ் வெருட்டிக் காசு பறிக்கிறதே, அது சட்டத்தால்தானே என்று எதிரணி கேட்டது. சரி, நியாயமான கேள்வி. ஆனால் ஸ்டேஷனில் இருக்கிறவருக்கு எந்த வீட்டுப் பெடியன் எவனோடு பழகுகிறான் என்று எப்படித் தெரியும்? எங்களில் ஒருவர் போய்ச் சொன்னால்தான் தெரியும். சட்டம் சும்மா கிடக்கிற கத்தி, எடுத்துக் கொடுக்கிறது சனம்.

2023 மே மாதம் உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவுகளை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று சொல்லிவிட்டது. 2024 இல் பாராளுமன்றம் கலைய அது அப்படியே நின்றுபோனது. நாளைக்கே நிறைவேறட்டும், நான்தான் முதலில் கைதட்டுவேன். ஆனால் கடலுக்கு அங்கால் பாருங்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 ஆம் திகதி தீர்ப்புச் சொன்னது, வயதுவந்த இருவர் விருப்பத்தோடு சேர்ந்தால் குற்றம் இல்லை என்று. இராமநாதபுரத்துக் கிராமத்துப் பெடியன் அடுத்த நாள் காலையில் தகப்பனுக்கு முன்னால் போய் நின்று சொன்னானா? அவனுக்கும் ஒரு பெரியம்மா இருக்கிறா.

இது வருத்தம், மாற்றலாம் என்று நூல் கட்டவும் சாத்திரியிடமும் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் சனம்தான். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 இலேயே இதை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. கலியாணம் கட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். சரியாகாது. ஒன்றும் தெரியாத ஒரு பொம்பிளைப் பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து நாசமாகும், அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

சனம் என்று நான் சொல்வது உங்களைத் திட்ட இல்லை. இந்தச் சனத்தை எனக்குத் தெரியும். கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் தாய்மார் போய் இருந்தார்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு. மழை, வெயில், புலனாய்வாளர் எல்லாவற்றுக்கும் நடுவில் வருசக்கணக்காக இருந்தார்கள். பிள்ளையைக் காணாமலே செத்துப்போனவர்களும் உண்டு. 'என்ர பிள்ளை எப்படி இருந்தாலும் பரவாயில்லை, உயிரோட வந்தாப் போதும்' என்று சொல்லாத தாய் வன்னியில் இல்லை. அப்படிக் கேட்கிற மண்ணில், உயிரோடு வீட்டுக்குள் நிற்கிற பிள்ளையை, அவன் விரும்பின ஆள் ஆம்பிளை என்பதற்காக நாங்களே பிளேன் ஏற்றி அனுப்பினால் எப்படி? இடம்பெயர்ந்து ஓடினபோது ஆர் எவர் என்று கேட்காமல் பங்கருக்குள் இடம் விட்ட சனம் நாங்கள். எங்களால் ஏலாது என்று சொல்லாதீர்கள்.

அந்தப் பெரியம்மா இந்த மண்டபத்தில் எங்கேயோ இருக்கிறா என்று நினைத்துத்தான் பேசுகிறேன். பெரியம்மா, நாளைக்கு அந்த வீட்டுக்குப் போங்கோ. எனக்குத் தெரியும், அவன் எங்கட பிள்ளைதானே, வரச்சொல்லு என்று தங்கச்சியிடம் சொல்லுங்கோ. அவ பயந்தது உங்களுக்குத்தான்.